அடைப்பான் கிருமியின் வித்தும் அதற்குச் சாயமேற்றிப் பார்க்கும் முறையும்

2022ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், சென்னை அடையாற்றை அடுத்த இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தோப்புகளில் மான்கள் சில இறந்து கிடந்தன. கிண்டி தேசியப் பூங்காவின் எல்லையை ஒட்டிய அவ்விடத்தில், மாணாக்கரும் உத்தியோகஸ்தரும் நடமாடும் பாதைகளுக்கு இடையிலேயே புள்ளிமானும் வெளிமானும் மேய்ந்து திரிவது நெடுநாள் வழக்கம். இறந்தவற்றுள் ஒன்றைச் சோதித்ததில், அது அடைப்பான் நோயால் மாண்டது என்று உறுதிப்பட்டது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வசிப்போர் பலருக்கு அச்சொல்லே புதிது. மாடு வைத்துப் பிழைக்கும் குடியானவருக்கோ அது பாட்டன் காலத்துப் பெயர். மாலையில் நன்றாய் வைக்கோல் தின்ற எருது, விடியும்போது வயிறு உப்பி, உடல் சரிவர விறைக்காமல், மூக்கிலும் எருவாயிலும் உறையாத கருத்த இரத்தம் கசிந்து கிடந்தால், அனுபவமுள்ளவர் அதனருகே செல்லவும் தயங்குவர்.

அத்தயக்கம் நியாயமானதே. அந்த இரத்தத்தில் உள்ள கிருமி சில நாளில் அழிந்துபோகும் இயல்புடையது. ஆனால் அது விட்டுச்செல்லும் வித்து, தலைமுறைகள் கடந்தும் மண்ணில் உயிரோடிருக்க வல்லது. இவ்வித்தைச் சோதனைச் சாலையில் எவ்வாறு நிறமேற்றிக் காண்கிறார்கள், அது முளைப்பதை எவ்வாறு அறிகிறார்கள் என்பதே இப்பாடத்தின் விஷயம். செத்த மாட்டைத் தோலுரிக்கலாமா, ஆகாதா என்ற கேள்வி ஊரில் எழும்போது மிருக வைத்தியர் சொல்லும் விடைக்கு ஆதாரம் இதில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். தொண்டை வீங்கி மூச்சுத் திணறி மாடுகள் இறக்கும் தொண்டை அடைப்பான் வேறு நோய். அதன் கிருமிக்கு வித்து உண்டாகும் வழக்கம் இல்லை. தொடைச் சதை வீங்கி, அழுத்தினால் நறநறவென்று சப்தம் கேட்கும் சப்பை நோயும் வேறு. அதற்கு வித்து உண்டு. ஆயினும் அக்கிருமி காற்றில்லாத இடத்தில் வளர்வது. இங்கே சொல்லப்படுவது, மேல்நாட்டில் ஆந்த்ராக்ஸ் என வழங்கும் அடைப்பான் ஒன்றையே.

இரத்தப் பூச்சு

அடைப்பான் கிருமி ஒரு சிறு கோல் போன்றது. அதன் பருமன் ஏறக்குறைய ஒரு மைக்ரான், அதாவது ஓர் அங்குலத்தை 25,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. நீளம் அதைப்போல் மூன்று முதல் எட்டு மடங்கு. ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் மைக்ராஸ்கோப்பில், கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு துளி எண்ணெய் வைத்துப் பார்த்தால்தான் அது தெளிவுறும். பார்த்தாலும் என்ன? தண்ணீரில் கிடக்கும் கண்ணாடித் துண்டைப்போல் அது நிறமற்றது. இருக்கிறதென்று தெரியுமே யொழிய இன்னதென்று தெரியாது. ஆகையால்தான் சாயம் வேண்டியதாயிற்று.

இறந்த மாட்டின் காது நரம்பில் ஊசியால் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாய்ப் பூசிக் காயவிடுவார்கள். மெதிலீன் நீலம் என்ற சாயத்தைப் பழையதாக்கிப் பண்படுத்திய கரைசலை அதன்மேல் ஊற்றி, சில நிமிஷங்களில் கழுவிவிட்டால், கிருமிகள் முனை சதுரமாய் வெட்டிய நீலக் கோல்களாகத் தோன்றும். அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பான மணல் தூவினாற்போல் ஒரு போர்வை தென்படும். இவ்வடையாளத்தை 1903ஆம் வருஷத்தில் ஸ்காத்லாந்து தேசத்து மிருக வைத்திய நிபுணர் ஜான் மக்ஃபாதியன் வெளியிட்டார். மாட்டின் உடலில் கிருமி போர்த்துக்கொள்ளும் பிசுபிசுப்பான உறையே அவ்விளஞ்சிவப்புக்குக் காரணம். அடைப்பான் அல்லாத அழுகல் கிருமிகள் பல கோல் வடிவில் இருப்பினும், அவற்றைச் சுற்றி இந்நிறம் காணாது. தொண்டை அடைப்பான் கிருமியோ, இரண்டு நுனியிலும் மட்டும் நிறம் திரண்ட சிறு உருவமாய்த் தோன்றும். ஆகவே ஒரே இரத்தப் பூச்சில் இரு நோயையும் பிரித்தறியலாம்.

சாயத்தைப் பழையதாக்குவது என்பது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். புதிதாய்க் கரைத்த மெதிலீன் நீலம் இவ்வேலைக்கு உதவாது. காரம் சிறிது சேர்த்து, காற்றுப்பட மாதக்கணக்கில் வைத்திருந்தால் அதன் ஒரு பகுதி அஸூர் எனப்படும் வேறு சாயங்களாக மாறும். அம்மாற்றம் நேர்ந்த பின்னரே அது உறையை இளஞ்சிவப்பாய்க் காட்டும். ஊறுகாய் ஊறுவதற்குக் காத்திருப்பதுபோல் சோதனைச் சாலைகளில் இதற்குக் காத்திருந்த காலம் உண்டு. சரியாய்ப் பழுக்காத சாயத்தால் நோய் இருந்தும் இல்லையென்று சொல்ல நேர்ந்த தவறுகளும் உண்டு. அண்மைக் காலத்தில் அஸூர் பி என்ற சுத்தமான சாயத்தை நேரே பயன்படுத்தும் முறை ஏற்பட்டிருக்கிறது.

இவ்விரத்தப் பூச்சில் வித்து ஒன்றும் தென்படாது என்பதை மிகவும் கவனிக்க வேண்டும். உயிருள்ள உடலிலும், பிளக்கப்படாத பிணத்திலும் அடைப்பான் கிருமி வித்துக் கட்டுவதில்லை. அதற்குக் காற்று வேண்டும். பிணத்தைப் பிளக்காமல் விட்டால், உள்ளேயுள்ள அழுகல் கிருமிகள் பெருகி இரண்டு மூன்று நாளில் அடைப்பான் கிருமிகளைப் பெரும்பாலும் ஒழித்துவிடும். கத்தி பட்டு இரத்தம் மண்ணில் சிந்திற்றோ, அப்போதே கணக்கு மாறிவிடும். காற்றும் வெப்பமும் ஈரமும் ஒருங்கே கிடைத்த கிருமி, ஆகாரம் குறைந்ததை உணர்ந்து, தன் உடலுக்குள்ளேயே வித்து ஒன்றை உருவாக்கத் தொடங்கும். நம் நாட்டு வெயிலில் அதற்கு ஓரிரு நாள் மிகுதி.

வித்து என்னும் பெயர்

நெல் வித்தோடு இதை ஒப்பிடுவது எளிது. ஆயினும் ஓரிடத்தில் ஒப்புமை பொருந்தாது. ஒரு நெல் ஒரு கதிரைத் தரும், கதிர் நூறு மணியைத் தரும். கிருமியோ, ஒன்று ஒரே வித்தைத்தான் கட்டும். அவ்வித்து முளைத்தால் ஒரே கிருமியாகும். எனவே பெருகுவதற்காக ஏற்பட்டதன்று இவ்வித்து. பஞ்ச காலத்தைக் கடப்பதற்காக ஏற்பட்டது. விதைக்கோட்டைக்குள் நெல்லை வைத்து மூடி வைக்கோற்புரியால் இறுகக் கட்டி வைப்பதுபோல், கிருமி தன் ஜீவாதாரமானதைத் தண்ணீர் வற்றச்செய்து நடுவில் வைத்து, அதைச் சுற்றித் தடித்த பட்டையொன்றும், அதற்கு வெளியே கெட்டியான தோல்களும் அமைத்து, மீதி உடலை உதிர்த்துவிடுகிறது. நடுவிலுள்ள பொருளில் டைபிகோலினிக் அமிலம் என்ற வஸ்து சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து செறிந்திருக்கும். வறட்சி, வெயில், சாதாரண மருந்து நீர்கள், இவை ஒன்றும் அதை எளிதில் அசைப்பதில்லை. சில நிமிஷம் கொதிநீரில் கிடந்தும் பிழைக்க வல்லது. திண்ணமாய்க் கொல்வதற்கு, அடைத்த பாத்திரத்தில் அழுத்தமேற்றிய நீராவியை 121 டிகிரி செண்டிகிரேடில் 15 நிமிஷமேனும் செலுத்த வேண்டும்.

எத்தனை காலம் இருக்கும் என்பதற்கு ஸ்காத்லாந்தை அடுத்த குருயினார்டு என்ற தீவு சாட்சி. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942ஆம் வருஷத்தில், பிரிட்டிஷ் சர்க்கார் அங்கே ஆடுகளைக் கட்டி இவ்வித்துகளை வெடியில் வைத்துப் பரீக்ஷித்தது. ஆடுகள் மாண்டன. தீவும் மனிதர் கால் வைக்கலாகாத இடமாயிற்று. 1986ஆம் வருஷத்தில் கடல்நீரில் பார்மலின் மருந்தைக் கலந்து நிலமெங்கும் தெளித்த பிறகே, 1990ஆம் வருஷத்தில் அபாயம் நீங்கிற்றென்று அறிவித்தார்கள். சிறு தீவொன்றுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது.

பச்சையும் சிவப்பும்

இக்கிருமியின் வாழ்க்கையை முதன்முதல் முழுதும் கண்டவர் ராபர்ட் காக். 1876ஆம் வருஷத்தில் அவர் ஜெர்மனியில் வோல்ஸ்டைன் என்ற சிற்றூரில் சர்க்கார் வைத்தியராயிருந்தார். பெரிய சோதனைச் சாலை ஏதும் அவருக்கு இல்லை. எருதின் கண்ணிலிருந்து எடுத்த தெளிந்த நீரில் கிருமியை விட்டு, இளஞ்சூட்டில் வைத்து மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். கோல்கள் நூல்களாய் நீண்டன. நூல்களுக்குள் முத்துக் கோத்தாற்போல் பளபளக்கும் மணிகள் தோன்றின. நூல் அழிந்தது, மணிகள் நின்றன. புதிய நீரில் இட்டபோது அம்மணிகளே மீண்டும் கோல்களாயின. அவ்வருஷமே பெர்டினாண்டு கோன் என்ற தாவர சாஸ்திரி, வைக்கோல் ஊறிய நீரில் வளரும் தீங்கற்ற கிருமியிலும் இத்தகைய வித்தைக் கண்டெழுதினார்.

பிறகு சாயக்காரருடைய வேலை தொடங்கிற்று. நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த புதுச் சாயங்கள் கிருமியின் உடலில் நொடியில் ஏறின. வித்தில் மட்டும் ஏறவில்லை. நீலக் கோலின் நடுவே வெள்ளை ஓட்டைபோல் அது நின்றது. வித்தின் தோல் சாயத்தைத் தடுக்கிறது என்பது புலப்பட்டது. கெட்டியான நூலுக்குச் சாயமேற்ற வேண்டுமானால் தொட்டியைக் காய்ச்ச வேண்டுமென்று நம் சாயக்காரர் அறிவர். 1880களில் ஜெர்மானியரும் அவ்வழியே சென்றார்கள். சாயத்தில் கார்பாலிக் அமிலம் கலந்து, தகட்டின் அடியில் தீபத்தைக் காட்டிச் சூடேற்றினார்கள். சிலர் காரமான அமிலத்தால் முதலில் தோலை இளக்கிப் பின் சாயமிட்டார்கள். தோலுக்குள் ஒருமுறை சாயம் புகுந்துவிட்டால், எந்தத் தோல் புகவிடாமல் தடுத்ததோ அதே தோல் வெளியேறவும் விடாமல் தடுக்கும். இம்முறை முழுவதும் இந்த ஒரு குணத்தையே பற்றி நிற்கிறது.

இன்று கல்லூரிகளில் பெரும்பாலும் கையாளப்படுவது ஷேபர், புல்டன் என்ற இருவர் 1933ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் எளிதாக்கி வெளியிட்ட முறை. மாலகைட் பச்சை என்ற சாயத்தை நூற்றுக்கு 5 பங்கு வீதம் தண்ணீரில் கரைத்துக்கொள்வார்கள். கிருமி பூசிய தகட்டைக் காயவைத்து, சுடரின்மேல் இரண்டு மூன்று தடவை காட்டி ஒட்டவைத்து, பச்சைச் சாயத்தை நிறைய ஊற்றி, கொதிநீர்ப் பாத்திரத்தின் ஆவிமேல் ஐந்து நிமிஷம் வைப்பார்கள். சாயம் ஆவியெழும்ப வேண்டும், கொதிக்கலாகாது, வற்றவும் கூடாது. வற்றினால் சாயப்பொடி தகட்டில் படிந்து, இல்லாத வித்தையெல்லாம் இருப்பதாய்க் காட்டும். புதிதாய்க் கற்போர் செய்யும் பிழைகளில் பாதி இதுவே. வற்ற வற்றச் சாயத்தை விட்டுக்கொண்டே இருப்பதற்குப் பொறுமை வேண்டும். பின்பு ஆறவிட்டுத் தண்ணீரில் அரை நிமிஷம் நன்கு கழுவினால், கிருமியின் உடலில் ஏறிய பச்சை கழன்றுவிடும். வித்தில் ஏறியது நிற்கும். இதற்கு அமிலமோ சாராயமோ வேண்டுவதில்லை, வெறுந்தண்ணீரே போதும் என்பது இம்முறையின் சிறப்பு. கடைசியில் சாப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தை, நூற்றுக்கு அரைப் பங்கு கரைத்தது, அரை நிமிஷம் ஊற்றிக் கழுவ வேண்டியதுதான். சிவந்த கோலுக்குள் பச்சைப் பயறு வைத்தாற்போல் வித்துத் தோன்றும்.

வித்து இருக்கும் இடத்தையும் வடிவையும் கொண்டு கிருமியின் இனத்தையும் ஒருவாறு ஊகிக்கலாம். அடைப்பானில் வித்து நீள்வட்டமாய்க் கோலின் நடுவிலோ சற்று ஒதுங்கியோ இருக்கும். கோல் அவ்விடத்தில் பருப்பதில்லை. சப்பை நோய்க் கிருமியில் வித்து இருக்கும் இடம் உப்பிக் காணும். இசிவு நோய் எனப்படும் டெட்டனஸ் கிருமியிலோ, உருண்டை வித்து நுனியில் அமைந்து பறையடிக்கும் கோல்போல் தோற்றும். ஆனால் ஊகம் ஊகமே. வயலின் மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்தால் தீங்கற்ற வித்துக் கிருமிகள் எத்தனையோ கிடைக்கும். அவையும் அதே பச்சையாகவே காணும். ஆகவே மண்ணில் பச்சை மணியைக் கண்டதனாலேயே அடைப்பான் என்று ஊரைக் கலக்குவது தகாது. கிருமியை வளர்த்தும், அதன் மரபணுவை ஆராய்ந்தும் உறுதிசெய்த பின்னரே சொல்லத்தகும்.

முளைப்பதைக் காணுதல்

பச்சை நிறம் வித்து இருப்பதைச் சொல்லும். அது உயிரோடிருக்கிறதா என்பதைச் சொல்லாது. இறந்த வித்தும் நிறத்தைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடும். களஞ்சியத்து நெல் முளைக்குமா என்று அறிய, குடியானவர் நூறு மணியை ஈரத்துணியில் முடிந்து வைத்து, மூன்றாம் நாள் எத்தனை முளைத்தன என்று எண்ணுகிறார். கிருமிவித்துக்கும் அப்பரீக்ஷையே. ஈரத்துணிக்குப் பதில் சத்துநீர், நாட்களுக்குப் பதில் நிமிஷங்கள்.

பயில்வோர் இதற்கு அடைப்பானைத் தொடுவதில்லை, தொடவும் கூடாது. கோன் கண்ட வைக்கோல் கிருமியே போதும். முற்றி உலர்ந்த வித்துகளைத் தண்ணீரில் கலந்து, 70 டிகிரி அளவில் அரைமணி நேரம் சூடாக்குவார்கள். இதனால் வித்தல்லாத கிருமிகள் மாளும். உறங்கும் வித்துகளோ மாளாமல், முளைப்பதற்கு ஆயத்தப்படும். கொல்ல வேண்டிய சூடு எழுப்பிவிடுவதாயிருப்பது விந்தை. குளிரவிட்டு, இறைச்சிச் சாறு முதலிய சத்துநீரில் சேர்த்து, 37 டிகிரி வெதுவெதுப்பில் வைத்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு துளி எடுத்து இரண்டு தகடுகளில் பூசுவார்கள்.

முதல் தகட்டுக்குச் சூடில்லாமல் மெதிலீன் நீலம் மட்டும் இடுவது. உறங்கும் வித்து அதை ஏற்காமல் வெளுத்து மின்னும். முளைக்கத் தொடங்கிய வித்தின் பட்டை கரைந்து, உள்ளே தண்ணீர் புகுந்திருக்குமாதலால், சாயம் எளிதில் ஏறி நீலமாகும். இரண்டாவது தகட்டுக்குப் பச்சையும் சிவப்பும் இடுவது. அங்கே உறங்குவது பச்சை, விழித்தது பச்சையைக் கைவிட்டுச் சிவப்பு. ஒவ்வொரு தகட்டிலும் நூற்றுக்கு எத்தனை என்று எண்ணிக் குறித்தால், முதலாவதில் நீலம் ஏற ஏற இரண்டாவதில் பச்சை இறங்கும். இரண்டு கணக்கும் ஒத்துவந்தால் வேலை சரி. ஒவ்வாவிடில் சூடு போதவில்லை, அல்லது கழுவியது போதவில்லை. சங்கத்தின் ரொக்கப் புத்தகத்தையும் பேரேட்டையும் ஒத்துப் பார்ப்பதுபோல் ஒன்றை ஒன்று காட்டிக்கொடுக்கும்.

சாயமின்றியும் இதைக் காணும் கருவி பிற்காலத்தில் வந்தது. ஹாலந்து தேசத்து ஜெர்னிக்கி கண்டுபிடித்து, 1953ஆம் வருஷத்தில் நோபல் பரிசு பெற்ற பேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ராஸ்கோப்பில், உறங்கும் வித்து நட்சத்திரம்போல் ஒளிரும். முளைக்கத் தொடங்கியதும் சில நிமிஷங்களுக்குள் கருத்துப்போகும். ஒரே வித்தை விடாமல் பார்த்துக்கொண்டிருக்க இதுவே வசதி. சாயமிட்ட தகட்டில் இருப்பதெல்லாம் செத்தவையே. ஆயினும் விலையுயர்ந்த அக்கருவி இல்லாத இடத்தில் இரண்டு சாயப் புட்டிகளும் ஒரு சாராய விளக்கும் செய்யும் உபகாரம் சிறிதன்று.

கண்ணுக்கே தெரியும் அடையாளம் ஒன்றும் உண்டு. வித்துக் கலந்த நீர் பால்போல் கலங்கியிருக்கும். முளைக்கத் தொடங்கினால் அது முதலில் தெளியும். ஒளியைச் சிதறடித்த கெட்டி மணிகள் இளகிப்போவதே காரணம். பிறகு கிருமிகள் பெருகப் பெருக மீண்டும் கலங்கும். கெடப்போகும் நீர் கெடுமுன் தெளிவது, அறியாதவரை ஏமாற்றும்.

வித்தை எழுப்புவது எது? அலனின் என்ற சத்தும், இனோசின் முதலிய வேறு சில பொருள்களும் வித்தின் மேலுள்ள பூட்டுக்குத் திறவுகோல் போன்றவை. இவை மாட்டின் உடலில் நிறைய உண்டு. வெறும் மண்ணில் அத்தனை இல்லை. ஆதலால் மண்ணில் அது பெரும்பாலும் உறங்கியே கிடக்கிறது. கோடையில் புல் அருகி, மாடு வேரோடும் மண்ணோடும் பற்றி மேயும்போது வாய்க்குள் சென்று விழிக்கிறது. முளைக்கும்போது டைபிகோலினிக் அமிலம் வெளியேறுவதை 1953ஆம் வருஷத்தில் கண்டறிந்தார்கள். அது வெளியேறியதும் வித்தின் வலிமை போய்விடும். அதன்பின் சாதாரணக் கிருமி மாளும் சூட்டிலேயே மாண்டுபோகும். இக்காரணம் தெரிவதற்கு நெடுநாள் முன்பே, 1877ஆம் வருஷத்தில், ஜான் டிண்டால் என்ற ஐரிஷ் சாஸ்திரி இக்குணத்தைப் பயன்படுத்திக்கொண்டார். ஒரே நாளில் நெடுநேரம் கொதிக்கவைத்தும் கெட்டுப்போன வைக்கோல் நீரை, இடைவிட்டுப் பல தடவை சற்றுச்சற்றுச் சூடாக்கினார். இடைவேளையில் முளைத்தவை அடுத்த சூட்டில் மாண்டன. நீர் கெடவில்லை.

தடுப்பு மருந்தும் தோலும்

சென்னை ராஜதானிக் காலந்தொட்டே இவ்வகைச் சோதனைகளுக்கு இடங்கள் உண்டு. கிண்டியில் அம்மைப்பால் தயாரிக்க 1899ஆம் வருஷத்தில் ஏற்பட்ட கிங் ஸ்தாபனம் மனித நோய்களுக்கு. வேப்பேரியில் 1903ஆம் வருஷத்தில் தொடங்கிய மிருக வைத்தியக் கல்லூரியும், ராணிப்பேட்டையில் 1932ஆம் வருஷத்தில் ஏற்பட்ட தடுப்பு மருந்து ஸ்தாபனமும் கால்நடைக்கு. அடைப்பானுக்கு எதிரான தடுப்பூசியும் வித்தாலேயே ஆனது என்பது பலர் அறியாதது. 1937ஆம் வருஷத்தில் தென் ஆப்பிரிக்காவில் மாக்ஸ் ஸ்டெர்ன் என்பவர், மேலே சொன்ன பிசுபிசுப்பான உறையை இழந்துவிட்ட ஒரு கிருமி வம்சத்தை வளர்த்தெடுத்தார். அதன் உயிருள்ள வித்துகளே ஊசி மருந்து. அவை மாட்டின் தோலடியில் முளைத்து, நோயை உண்டாக்க வலுவின்றி, காப்பை மட்டும் உண்டாக்கி மறையும். முளையாத வித்தால் பயனில்லை. பென்சிலின் போன்ற மருந்து கொடுத்துவரும் மாட்டுக்கு அந்நாட்களில் இவ்வூசி போட்டால், முளைத்தவை உடனே மாண்டு ஊசி வீணாகும். நோய் கண்ட ஊர்களில் வருஷந்தோறும் போட வேண்டும். காப்பு ஏற்பட ஒரு வாரத்துக்கு மேல் செல்லுமாதலால், பக்கத்து வீட்டு மாடு விழுந்தபின் ஓடுவது காலங்கடந்ததாகும்.

இனித் தோலின் விஷயம். அடையாற்றில் 1948ஆம் வருஷத்தில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டதும், ராணிப்பேட்டை, வாணியம்பாடி முதலிய ஊர்களில் தோல் பதனிடுதல் பெருந்தொழிலாயிருப்பதும் யாவரும் அறிந்தவை. நோயில் இறந்த மாட்டின் தோல் உப்பிட்டுக் காய்ந்தாலும் வித்து அதில் காயாது. உரித்தவர் கையில் முதலில் கொசுக்கடிபோல் தடித்து, பிறகு வலியில்லாத கருத்த புண்ணாகும். வலியில்லையென்று அசட்டையாயிருப்பவரே மிகுதி. தாமதமின்றி வைத்தியசாலை சென்றால் பென்சிலின், டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகளால் குணமாகும். இறைச்சியைத் தின்றவருக்கும், தூளை மூச்சில் இழுத்தவருக்கும் வரும் விதங்கள் மிகக் கொடியவை.

உரிக்காதே என்று உத்தரவிடுவது எளிது. செத்த மாட்டைச் சுமந்து சென்று தோலுரிக்கும் வேலையை ஊர் நெடுங்காலம் சில வகுப்பார் தலையில் சுமத்தி, அத்தோலையே அவர்களுக்குக் கூலியாகவும் வைத்திருந்தது. அக்கூலியை ஒருநாளில் நிறுத்திவிட்டு, நோயின் அபாயத்தைப் பற்றி உபதேசம் மட்டும் செய்தால் இரவில் குழி தோண்டப்படுவதில் வியப்பில்லை. கூட்டுறவுச் சங்கம் தன் பொதுநிதியிலிருந்து தோலின் விலையையும், குழி வெட்டும் கூலியையும் அப்போதே கொடுத்துவிடுவது செலவாகத் தோன்றினும், அடுத்த வருஷம் இறக்கக்கூடிய எருதுகளின்மேல் சங்கம் கொடுத்திருக்கும் கடனை நோக்கினால் அது மலிவு. காப்பீட்டுத் தொகைக்குச் சான்று வேண்டி உடலைப் பிளந்து பார்க்கும்படி வைத்தியரை வற்புறுத்துவதும் தவறு. அடைப்பான் என்று சந்தேகம் தட்டினால் உடலைப் பிளக்காமல் இரத்தப் பூச்சைக் கொண்டே அவர் தீர்மானிப்பார்.

2009ஆம் வருஷத்துச் சட்டப்படி இந்நோய் அறிவிக்கப்பட வேண்டியவற்றுள் ஒன்று. மாட்டுக்கு உடையவர் கிராம அதிகாரிக்கோ மிருக வைத்தியருக்கோ தாமதமின்றித் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். வைத்தியர் வரும்வரை நாய், காக்கை அணுகாதபடி உடலை மூடிக் காவல் வைத்து, இரத்தம் ஒழுகும் துவாரங்களைப் பஞ்சால் அடைக்க வேண்டும். கையுறையின்றித் தொடலாகாது. அடக்கும் முறைகளில் சாம்பலாகும்வரை எரிப்பதே மேலானது. விறகு கிடையாவிடில், கிணறு, ஏரி, மேய்ச்சல் தரைக்கு எட்டவாய் ஆறடிக்குக் குறையாத குழியில், தோல் கிழியாமல் புதைக்கலாம். புதைகுழியில் சுண்ணாம்பு கொட்டும் பழைய வழக்கத்தை இப்போது உலகச் சுகாதார ஸ்தாபனம் ஆதரிப்பதில்லை. வித்தின் வலிமைக்கே ஆதாரம் சுண்ணாம்புச் சத்தாயிருக்க, அதை மேலும் சேர்ப்பது வித்து நிலைப்பதற்கே உதவக்கூடும் என்பது காரணம். பழங்குழிகளின் மேலுள்ள மண்ணில் வித்து மீண்டும் தென்படுவதை 1880ஆம் வருஷத்திலேயே பாஸ்டர் எடுத்துக்காட்டி, மண்புழுக்கள் அதை மேலே கொணர்வதாகச் சொன்னார். ஆகவே குழியின்மேல் முள்வேலி இட்டு, அங்கே புல் அறுப்பதையும் தடுத்தல் நன்று.

வைத்தியர் எடுத்த இரத்தப் பூச்சுத் தகடு நன்றாய்க் காய்ந்தபின், ஒன்றோடொன்று உராயாமல் பெட்டியில் வைத்து, மாட்டின் அடையாளமும் இறந்த நேரமும் எழுதிய சீட்டோடு சோதனைச் சாலைக்குச் செல்லும். ஊசி, பஞ்சு, கையுறை ஆகியவை மாட்டோடு நெருப்பில் போகும். இரத்தம் சிந்திய இடத்து மண்ணை விரற்கடை ஆழமன்று, முழங்கை ஆழம் வெட்டி எடுத்து அதே நெருப்பில் இட வேண்டும்.